மூத்தவள் கைப்பக்குவம்

ஜூன் 3

அக்காவுக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் வீட்டு முன்னறையில் கிடந்த பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழிக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இருமல் போட்டேன். பக்கம் கொஞ்சம் நீளம். இருமி முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்த என்னை முதல் ஆளாக உள்ளே தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், தாய்லாந்துச் சமையல் குறிப்பில் சாமான் பட்டியல் மட்டும் இருக்கிறது. செய்முறை அடுத்த பக்கமாம். பின்பக்கம் மூட்டுவலித் தைலம்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். யார் என்று புரிந்திருக்கும். உங்களுக்கு வீட்டுக்காரராக இருந்தவருக்கு இப்போது பெண்டாட்டியாக இருக்கிறவள், தையற்கடைக்காரி. உங்கள் போன் நம்பரை மாற்றிவிட்டீர்களாம். நூலகத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டுகிற வேலை என்று மட்டும் அவர் சொன்னார், அந்த முகவரிக்கே போடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. என் தையல் கோணாது, எழுத்து கோணும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அவர், அதுதான் நம் லிப்ட் மெக்கானிக், சாப்பிட மாட்டேன் என்கிறார். போன வருஷம் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. இப்போது நடக்கிறார், பேசுகிறார், குறை சொல்கிறார், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. தட்டை வைத்தால்தான் முகம் சுருங்குகிறது. "அங்க இருந்தப்ப அவ செய்வா பாரு" என்று ஆரம்பித்துவிடுகிறார். அங்க என்றால் தாய்லாந்து, அவ என்றால் நீங்கள். அவர் லிப்ட் மாட்டப் போன ஊரில் நீங்கள் அந்த ஊர் வீட்டுச் சமையலைக் கற்றுக்கொண்டு தினமும் செய்து போட்டீர்களாமே. முட்டையாம், தெளிந்த சூப்பாம், உரலில் இடித்த ஒரு துவையலாம். சொல்லும்போதே கண் சொருகிவிடுகிறது. நான் கரண்டியோடு நிற்பது தெரிவதில்லை.

எங்கள் பழக்கமே அவருடைய கால்சட்டையில்தான் தொடங்கியது, உங்களுக்குத் தெரியாததா. இடுப்பு பிடிக்கிறது, கொஞ்சம் விட்டுத் தையுங்கள் என்று கொண்டுவந்தார். விட்டேன். மறுபடியும் வந்தார், மறுபடியும் விட்டேன். இப்போது அதே கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வருகிறேன். இன்னும் ஒரு தடவை பிடித்தால் பின்பக்கத்துப் பை இரண்டும் ஒன்றாகிவிடும். "இப்படியே சாப்பிடாம இருந்தா இன்னொரு தடவை தாங்காதும்மா" என்கிறார் டாக்டர்.

நான் அழுகிற ரகம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் கையால் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று அந்த வாய் ஒரு தடவை சொன்னதில்லை. அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

எனவே தாய்லாந்து வீட்டுச் சமையலுக்கு எது நல்ல புத்தகம் என்று எழுதுங்கள். ஹோட்டல் சமையல் வேண்டாம், வீட்டில் பொங்கித் தின்பது வேண்டும். நீங்கள் ஆளை ஒரு பெட்டியோடு என்னிடம் அனுப்பிவைத்தீர்கள். தையல் மெஷின் விற்கிறவன்கூட எப்படி ஓட்டுவது என்று ஒரு சீட்டு சேர்த்துத் தருகிறான்.

அப்புறம், அவ்வளவு நன்றாகச் சமைத்தும் ஆள் என்னிடம் ஓடிவந்தாரே, எதில் உப்பு குறைந்தது? அதையும் எழுதினால் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்.

இளையவள்


ஜூன் 14

தையற்கடை அம்மையாருக்கு,

நான் உங்களுக்கு அக்கா இல்லை. உங்களுக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல்.

இங்கே வருகிற கடிதங்களை நூலகர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். உங்கள் இருமலைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் கிழிக்கிறீர்கள், நான் ஒட்டுகிறேன். நமக்குள் இது புதிதும் இல்லை.

நீங்கள் கேட்ட புத்தகம்: பெரியது, வழவழப்பான தாள், அட்டையில் அன்னாசிப் பழத்தைக் குடைந்து உள்ளே சோறு வைத்திருக்கும் படம். எங்கள் நூலகத்தில் அது இன்றைக்கு வந்தது போலப் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு நாளும் ஒட்டுவதற்கு என் மேஜைக்கு வந்ததில்லை. உங்கள் ஊர் நூலகத்திலும் இருக்கும். அதில் உள்ளபடியே செய்யுங்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேருங்கள். அவருக்கு இனிப்பு பிடிக்கும்.

எதில் உப்பு குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் சாப்பாட்டுக்காக உங்களிடம் வரவில்லை, வேறு எதற்காகவோ வந்தார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நூலகத்தில் வேலை பார்ப்பவள்


ஜூலை 2

அக்காவுக்கு,

வயது நான் பெரியவள்தான், வரிசையில் நீங்கள்தானே மூத்தவர். சினிமாக் கொட்டகையில் முதலில் உட்கார்ந்து எழுந்து போனவர் மாதிரி. சீட்டு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

புகைப்படத்தைப் பற்றி எழுதியதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுக்கப்புறம் கண்ணாடி முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அது உங்களுக்கு எதற்கு.

நீங்கள் சொன்ன அன்னாசிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அவ்வளவு கனம், தையல் மெஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், சரியாக நின்றது. சமையலுக்குத்தான் ஆகவில்லை. எலுமிச்சைப் புல்லை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டு என்று போட்டிருந்தது. நான் சும்மா வெட்டுவேனா, டேப்பை வைத்து அளந்து, துணிக்குப் போடுகிற நீலச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டினேன். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. சாக்குக்கட்டியைக் கழுவ மறந்துவிட்டேன். குழம்பு ஒரு மாதிரி நீலமாக வந்தது.

மீன் சாஸ் பாட்டில் கடைக்குள்ளேயே கவிழ்ந்துவிட்டது. தைத்து மாட்டியிருந்த ஒரு டீச்சரம்மாவின் கோட்டில் அந்த வாசனை ஏறிவிட்டது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக, பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாகப் போய் நின்றுகொண்டார்களாம்.

கடைசியில் அந்த அன்னாசியைக் குடைந்து, உள்ளே சோற்றை அடைத்து, சர்க்கரையும் நீங்கள் சொன்னபடி தாராளமாகப் போட்டு முன்னால் வைத்தேன். அவர் விரலால் ஒரு குத்து குத்திப் பார்த்தார்.

"இது என்ன?"

"அன்னாசிக்குள்ள சோறு."

"எதுக்கு உள்ள போச்சு?"

"உங்க மூஞ்சியைப் பார்த்துப் பயந்து போய் ஒளிஞ்சுக்கிச்சு. சாப்பிடுங்க."

ஒரு வாய் வைத்தார், துப்பினார். "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இனிப்பு ஆகாது. அவளுக்குத் தெரியும். அவ இப்படியெல்லாம் பண்ண மாட்டா. அவளுக்குக் கை இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, துடுப்பா இருக்கு?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அவர் இனிப்பு தொட மாட்டார் என்பது மறந்திருக்குமா? உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். புத்தகம் புத்தம் புதிதாக இருக்கிறது, ஒட்டுவதற்கு வந்ததே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நாலு பேர் உடுத்துகிற கால்சட்டை உட்காருகிற இடத்தில் பளபளக்கும், முழங்காலில் தொங்கும். மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றால் ஒருத்தனும் அதைப் போடவில்லை என்று அர்த்தம். சமையல் புத்தகம் மட்டும் வேறு மாதிரியா?

நேரே எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். "இருக்கறதுலயே அழுக்கான தாய்லாந்துச் சமையல் புத்தகம் எதுவோ அதைக் குடுங்க" என்றேன். மேஜையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. முதுகில் மூன்று விதமான டேப் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் ஊறிய பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அந்தப்பக்கத்து எழுத்தும் தெரிகிறது.

வேண்டுமென்றேதானே அன்னாசியை என் தலையில் கட்டினீர்கள்?

இளையவள்


ஜூலை 11

தையற்கடை அம்மையாருக்கு,

ஆமாம், வேண்டுமென்றேதான்.

அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று எங்களிடமும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் உதிர்ந்து என் மேஜைக்கு வருகிறது. நல்ல புத்தகம் அதுதான். அங்கே இருந்தபோது நான் சமைத்ததும் அதை வைத்துத்தான். அதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். உங்கள்மேல் உள்ள கோபத்தால் இல்லை. அவ்வளவு பெரிய இடத்தை உங்களுக்குக் கொடுக்கவில்லை.

உங்களிடம் அவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் இருந்தபோது அந்தச் சமையலை அவர் ஒரு நாளும் நல்லது என்று சொன்னதில்லை. "எங்கம்மா வெச்சா தெரியுமா" என்று தட்டை நகர்த்துவார். இரண்டு தட்டு உடைந்திருக்கிறது. சரி, அம்மா கைச் சாப்பாடாவது மகனுக்குப் பிடித்திருக்குமே என்று அவர் அம்மாவிடமே ஒரு தடவை கேட்டேன். "எங்கிட்ட எங்கடி தின்னான்? வெளிய சாப்பிட்டுட்டு வந்து, கடைச் சாப்பாடு மாதிரி வருமான்னு என்னைக் கேப்பான்" என்றார். அவர் சாப்பிடுவது எப்போதும் எதிரே இல்லாதவள் கையால்தான்.

அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிற மனிதர். அந்த ருசி சரியாக அமைந்துவிட்டால் எழுந்து நேரே இங்கே வந்து நிற்பார். எனக்கு இருப்பது ஒரு அறை, ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வந்து "இது யார் வாங்கினது, ஏன் இங்க போட்டிருக்க" என்று கேட்பதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்னாசியைத் தொடருங்கள். அவர் மெலிகிறார் என்றால் கால்சட்டையைப் பிடித்துத் தையுங்கள், அதுதானே உங்கள் தொழில்.

நூலகத்தில் வேலை பார்ப்பவள்


ஜூலை 30

அக்காவுக்கு,

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுக்காதே என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன்.

அதை எழுதின பொம்பளை யாரோ தெரியவில்லை, பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. படம் ஒன்று கிடையாது. எடுத்த எடுப்பிலேயே திட்டு. சோறு வேகாமல் வேறு எதிலும் கை வைக்காதே என்கிறாள். ஒற்றைப் பதார்த்தத்தைக் கட்டிக்கொண்டு உட்காராதே, ஒன்று தண்ணீராக, ஒன்று காரமாக, ஒன்று சாதுவாக, மூன்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடு என்கிறாள். கொத்தமல்லி வேரை நறுக்கி எறிகிறவள் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம் என்கிறாள். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவரும் இப்படித்தான், காஜா கோணினால் கத்தரிக்கோலாலேயே முட்டியில் அடிப்பார்.

எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஊசியில் நூல் கோக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தேன். பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர் மூன்றையும் இடித்து, கொத்தின கோழிக்கறியில் பிசைந்து, உருட்டிப் போட்டுத் தெளிவாக ஒரு சூப்பு. இறால் விழுதை இலையில் பொதிந்து நெருப்பில் சுட்டேன். தெருவில் எதிர்வரிசை முழுக்கக் கதவைச் சாத்தினார்கள். அதோடு பூண்டும் மிளகாயும் பனைவெல்லமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து இடித்தேன். வெல்லம் கொஞ்சம்தான், பயப்படாதீர்கள். முட்டையை மீன் சாஸ் விட்டு அடித்து, எண்ணெய் புகையும்போது உயரத்திலிருந்து ஊற்ற வேண்டுமாம். ஊற்றினேன். காற்றில் பாவாடை விரிகிற மாதிரி விரிந்தது அக்கா! நான் தைத்ததில் ஒன்றுகூட அப்படி விரிந்ததில்லை.

மூன்றையும் நடுவில் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். சரி, இன்னொரு தடவை இழுத்துக்கொண்டது என்று நான் போனைத் தேடுகிறேன். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார். அழுதுகொண்டே சாப்பிட்டார். சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார். விரலைக்கூட விடவில்லை.

எனக்கு மானம் கெட்டுப்போய்விட்டது, நானே கேட்டேன். "நல்லா இருக்கா?"

"அவ கை மாதிரியே இருக்கு."

"செஞ்சது நானுங்க."

"அதான் சொல்றேன். அவளை நெனச்சுக்கிட்டேதான் சாப்பிட்டேன். அதான் இறங்குச்சு."

அப்புறம் தினமும் அதே சமையல், அதே பேச்சு. உடம்பு தேறியது. கால்சட்டையை மறுபடியும் கொஞ்சம் விட்டேன். தெம்பு வந்ததும் ஒரு நாள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன். அவகிட்டயே போயிடறேன்" என்றார். பொத்தான் எடுத்துத் தருகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"எதுல போவீங்க?"

"பஸ்லதான்."

"பஸ் அங்க வரைக்கும் போகும். அவங்க கதவைத் திறப்பாங்களா?"

"திறப்பா. அவ மனசு எனக்குத் தெரியும்."

நான் மறிக்கவில்லை. நானே உட்காரவைத்து ஊட்டித் தேற்றி, போவதற்குக் காலில் பலம் கொடுத்திருக்கிறேன், எந்த மூஞ்சியோடு மறிப்பேன்? உங்களிடமிருந்து கொண்டுவந்த அதே பெட்டியை எடுத்துத் துடைத்தேன். மாத்திரைகளை மேலாக வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை புதுசு, நான் தைத்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் ஏற்றினேன். சாமான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அதைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நாற்காலியை ஒளித்துவையுங்கள்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த சூப்பை நின்றுகொண்டே குடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இளையவள்


ஆகஸ்ட் 9

தையற்கடை அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் அவருக்குப் பின்னால்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நூலகத்துக்குள் வந்தார். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசகர் மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். நான் பசைக் கையோடு வெளியே வந்தபோது, நேற்றுத்தான் கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி, "வேலை முடிய நேரமாகுமா? பசிக்குது" என்றார்.

துரத்தியிருக்கலாம். நூலகர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் வீட்டுக்கு அழைத்துப்போனேன் என்று உங்களுக்கு எழுத நினைத்தேன். அது பொய். நூலகர் அன்றைக்கு விடுப்பு.

போகிற வழியில் கோழிக்கறி வாங்கினேன். கொத்தமல்லியை வேரோடு கேட்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. இந்த ஊருக்குத் தனியாக வந்த பிறகு அந்த உரலை நான் எடுத்ததில்லை, கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கழுவினேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்து, சுவரில் ஏன் காரை பெயர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இடித்தேன். கை நோகும்வரை இடித்தேன். புத்தகம் இல்லாமலே எல்லாம் நினைவில் இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் சமைத்ததில்லை. இது பெருமை இல்லை. பிறகு நானே சாப்பிட்டுப் பார்த்தேன்.

அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டை நகர்த்தினார். அந்த நகர்த்தல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"உனக்குக் கை விட்டுப்போச்சு."

"எது குறையுது?"

"குறையுதுன்னு இல்ல. அவ செய்வா பாரு, அந்த முட்டை பூ மாதிரி விரியும். துவையல்ல ஒரு சுள்ளுனு இருக்கும். அது அவ கைராசி. இது... சும்மா நல்லாருக்கு."

"அவன்னா யாரு?"

"என்ன கேக்கற? தையக்காரிதான். அவளை மாதிரி யாராலும் இதைச் செய்ய முடியாது."

நான் சிரித்தேன். வாய்விட்டு, நிறுத்த முடியாமல் சிரித்தேன். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை, பயந்துவிட்டார். "டாக்டரைக் கூப்பிடவா?" என்றார். சிரித்து முடித்தபோது என் முகம் நனைந்திருந்தது. அவர் அதற்குள் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மாத்திரைகள் நீங்கள் வைத்தபடியே மேலாக இருக்கின்றன. வெள்ளைச் சட்டையை இங்கே வந்த அன்று மாட்டியவர் கழற்றவில்லை. தோள்தையல் ஒழுங்காக இருந்தது.

அவர் சொன்னதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நீங்கள் அந்த வார்த்தையைக் கேட்காமலே செத்துப்போவீர்கள். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு சலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு எழுதியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நூலகத்தில் வேலை பார்ப்பவள்


ஆகஸ்ட் 21

தங்கச்சிக்கு,

வயதில் பெரியவள் நான்தான் என்று நீயே கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய், எனவே இனிமேல் நீ, வா, போ தான். கோபம் வந்தால் ஒரு புத்தகத்தை ஒட்டு.

உன் கடிதத்தைக் கத்தரி மேஜைமேல் விரித்துவைத்துப் படித்தேன். "அவளை மாதிரி யாராலும் செய்ய முடியாது" என்கிற வரி வந்ததும் கடையைச் சாத்திவிட்டேன். ஒரு வாடிக்கைக்காரி வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஆள் இல்லை என்று உள்ளே இருந்தே சொன்னேன்.

சாத்திக்கொண்டு என்ன செய்தேன் என்று கேட்காதே. அந்த ஆள் வாயால், என் காதால் கேட்க வேண்டும் என்று கிடந்தேன். கிடைத்தது கிடைத்துவிட்டது, ஆனால் உன் கையெழுத்தில். அதுவும் நீ ஒரு வாரம் வைத்து நசுக்கி, மிச்சத்தை அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை. பழைய துணியில் தைத்தாலும் சட்டை சட்டைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்கும் ஒன்று இருக்கிறது. கேள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஆள் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"அவ போட்டா பாரு ஒரு சாப்பாடு! அந்தக் கை அப்படியே இருக்கு. நீ என்னதான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் அது வராது."

"ரெண்டு வாயில தட்டைத் தள்ளிட்டு வந்திருப்பீங்களே?"

"யாரு சொன்னா? மிச்சம் வைக்காம சாப்பிட்டேன்."

அப்போது உன் கடிதம் வந்திருக்கவில்லை. சும்மா ஒரு குத்துமதிப்பாகத்தான் கேட்டேன், அவர் நம்பும்படியாகப் பொய் சொன்னார். நானும் நம்பினேன். உன் கடிதம் வரும்வரை நான் பட்ட எரிச்சலை எழுதினால் தபால் தலை கருகிவிடும். இதையும் உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். நீ வைத்திருந்த மாதிரி நானும் வைத்திருந்து பார்த்தேன். நாலு நாள்தான் தாங்கியது. எனக்கு உன் அளவுக்குக் கல்மனசு கிடையாது, படிப்பு குறைவு.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டவில்லை. காட்டினால் உன்னையும் என்னையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒருத்தி கையைப் புகழ ஆரம்பித்துவிடுவார். அவளை எங்கே போய்த் தேடுவது?

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் அந்தச் சமையல் அவருக்குக் கிடையாது. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி தண்ணீர் கொஞ்சம் அதிகம் விட்ட கஞ்சி. டாக்டர் ரொம்ப நல்லது என்றார். எதிரே இல்லாதவள் கையால்தான் அவர் சாப்பிடுவார் என்று நீதானே எழுதினாய்? என் கையையும் எதிரே இல்லாமல் பண்ணிவிட்டேன். கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "அன்னிக்கு அந்த முட்டை செஞ்சியே..." என்று நேற்று என்னிடமே ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து, என்னைப் பற்றியே! நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அது செஞ்சவ போயிட்டா" என்றேன். கொஞ்ச நேரம் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். கண் கலங்கியது. கஞ்சி முழுவதும் இறங்கிவிட்டது.

அந்தச் சமையலை நான் விடவில்லை. கடையில் திரைக்குப் பின்னால் ஸ்டவ்வை வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் செய்து, எனக்கு மட்டும் மூன்று கிண்ணம் நடுவில் வைத்து, நானே பகிர்ந்து சாப்பிடுகிறேன். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். "என்ன வாசனை?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்கிறார். "துணி காயுது" என்கிறேன். பாவம் என்று சில சமயம் தோன்றும். அடுத்த வாய் வைத்ததும் போய்விடும்.

நூலகத்தில் புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். உன்னால் தாங்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதில் மருமகன் முட்டை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அவித்த முட்டையைப் பொரித்துப் புளியும் வெல்லமும் காய்ச்சி ஊற்றுவது. கடைசி இரண்டு வரி எண்ணெயில் அழிந்துவிட்டது. உங்கள் நூலகத்துப் பிரதியில் தெரிந்தால் எழுதி அனுப்பு. வேண்டுமென்றே தப்பாக எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், இப்போது எனக்கு நாக்கு வந்துவிட்டது.

நீ ஏற்றிவிட்ட பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லையே. ஆள் கடைசி சீட்டில் தூங்கிவிட்டிருக்கிறார். எங்கள் நிறுத்தத்தில் யாரும் எழுப்பவில்லை. பஸ் பணிமனைக்குப் போய்விட்டது. அங்கே அதைக் கழுவியிருக்கிறார்கள். அவர் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. முதலில் தண்ணீர் அடித்து, சோப்பு போட்டு, மறுபடியும் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். சட்டை பருத்தி. காலர் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

தையற்காரி